வீட்டுக்கு ஒரே வண்டி: அல்சூரில் ஸ்விஃப்ட்டுடன் பதினான்கு மாதங்கள்

எங்கள் வீட்டில் இப்போது இருப்பது ஒரே ஒரு வண்டி. ஸ்கூட்டரை முன்பே விற்றுவிட்டோம். பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்த பழைய காரை 2024ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் கைமாற்றிக் கொடுத்தோம். புதிய வண்டி வரும்வரை கழிந்த ஏழு வாரங்களில்தான், ஒரு குடும்பம் ஒரே வண்டியை நம்பியிருப்பது எத்தகையது என்பது எனக்கு முழுவதுமாக விளங்கியது. அலுவலகத்திற்கு நான் மெட்ரோவில்தான் செல்கிறேன். பெங்களூரில் எங்கள் பகுதியான அல்சூரில் ஏறினால் ஒயிட்ஃபீல்டு வரை ஒரே ரயில். ஆனால் மழை நாளில் மகளைப் பள்ளியில் விடுவதற்கும், மூட்டு வலியுள்ள அம்மாவை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதற்கும், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ரஸ்ஸல் மார்க்கெட்டில் வாங்கியவற்றைச் சுமந்து வருவதற்கும், மாதம் ஒருமுறை ராசிபுரத்தில் அண்ணன் வீட்டிற்குப் போய் வருவதற்கும் அதே ஒரு வண்டிதான் வேண்டும். இவை எல்லாவற்றோடும் இன்னொன்றும் உண்டு. எனக்கு வண்டி ஓட்டப் பிடிக்கும். இருபத்தோராவது வயதில் உரிமம் வாங்கிய நாளிலிருந்து பிடிக்கும். அடுத்த பத்து ஆண்டுகளுக்கு எங்களிடம் இருக்கப்போகும் ஒரே வண்டி வெறும் சுமை தூக்கியாக அமைந்துவிட்டால், அந்த மகிழ்ச்சிக்கு வீட்டில் வேறு இடம் இல்லை.

ஆகவே நான் தேடியது சிறிய, பயனுள்ள, அதே சமயம் ஓட்டுவதற்கு உற்சாகம் தருகிற ஒரு வண்டி. பதிவு, காப்பீடு எல்லாம் சேர்த்து ஏறத்தாழ பத்து லட்சம் ரூபாய் என்று எல்லை வகுத்துக்கொண்டேன். முடிவில் வாங்கியது மாருதி சுசுகி ஸ்விஃப்ட், நான்காம் தலைமுறை, மேனுவல் கியர், 15 அங்குலச் சக்கரங்கள் கொண்ட இசட்எக்ஸ்ஐ வகை. ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் வீட்டிற்கு வந்தது. இதுவரை 13,400 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இதே தேவையோடு தேடுபவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில், எப்படித் தேர்ந்தோம் என்பதையும் வண்டி எப்படி நடந்துகொண்டது என்பதையும் எழுதுகிறேன்.

முதலில் உற்சாகம் என்று நான் எதைச் சொல்கிறேன் என்பதைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். கார் பற்றிய பேச்சுகளில் அது பெரும்பாலும் குதிரைத்திறனோடு சேர்த்தே பேசப்படுகிறது. பெங்களூரில் வாழ்பவருக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. சில்க் போர்டு, டின் ஃபேக்டரி, ஹெப்பாள் ஆகிய மூன்று இடங்களையும் மாலை ஆறு மணிக்குக் கடந்து பார்த்தவர்களுக்கு, நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை நொடியில் எட்டும் என்ற எண்ணால் ஆகப்போவது ஒன்றுமில்லை. முப்பது, நாற்பது கிலோமீட்டர் வேகத்திலேயே கிடைக்கிற மகிழ்ச்சி எதுவோ, அதைத்தான் இந்நகரத்தில் நாள்தோறும் அனுபவிக்க முடியும். ஸ்டீயரிங்கைத் திருப்பியவுடன் முன்பக்கம் தயங்காமல் திரும்புகிறதா, கியர் தன் இடத்தில் சுத்தமாக விழுகிறதா, பிரேக் மிதி பாதத்தின் அழுத்தத்திற்கு அளவாகப் பதில் சொல்கிறதா, கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பது காலுக்குத் தெரிகிறதா என்பவற்றை மட்டுமே நான் டெஸ்ட் டிரைவில் கவனித்தேன். இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஐந்து வண்டிகளை ஓட்டிப் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது: எடை குறைந்த வண்டிகளே எல்லாக் கேள்விகளுக்கும் நல்ல பதில் சொல்லின. எடை குறைந்தால் திருப்பங்கள் எளிதாகின்றன, பெட்ரோல் குறைகிறது, பிரேக்கும் டயரும் நீண்டு உழைக்கின்றன. ஓட்டும் மகிழ்ச்சியும் வீட்டுச் சிக்கனமும் ஒரே ஊற்றிலிருந்து வருவதை நான் அப்போதுதான் உணர்ந்தேன்.

டெஸ்ட் டிரைவுக்கும் முன்பே எங்கள் சந்து ஒரு தேர்வு வைத்தது. நாங்கள் குடியிருக்கும் வீடு, சோமேஸ்வரர் கோவிலிலிருந்து சற்றுத் தள்ளி, பஜார் தெருவை ஒட்டிய குறுகலான சந்து ஒன்றில் இருக்கிறது. மாடிப்படியின் அடிப்பகுதிக்கும் சுற்றுச்சுவருக்கும் இடையே எங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட இடத்தைத் தையல்காரரின் நாடா கொண்டு அளந்தோம்: பதின்மூன்றரை அடி, அதாவது 4.11 மீட்டர். 2006ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட் நான்கு மீட்டருக்குள் அடங்கும் சிறிய கார்களுக்கு வரியைக் குறைத்ததிலிருந்து, தயாரிப்பாளர்கள் அந்த எல்லைக்குள் கடைசி அங்குலம் வரை நீட்டிக் கட்டுகிறார்கள். சிறிய கார் என்று பெயர் பெற்ற பல வண்டிகளின் நீளம் 3.99 மீட்டராக இருப்பது அதனால்தான். டாடா ஆல்ட்ரோஸ் அப்படிப்பட்டது. அதை அங்கே நிறுத்தினால் மிச்சம் பன்னிரண்டு சென்டிமீட்டர். ஸ்விஃப்ட்டின் நீளம் 3,860 மில்லிமீட்டர். மிச்சம் இருபத்தைந்து சென்டிமீட்டர். காகிதத்தில் சிறிதாகத் தெரியும் இந்த வேறுபாடு, முன் பம்பர் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்பதற்கும் உரசிக்கொண்டு நிற்பதற்கும் உள்ள வேறுபாடு. வாங்குவதற்கு முன் வண்டி நிற்கும் இடத்தை அளந்துவிடுங்கள் என்பது எல்லோருக்கும் என் முதல் வேண்டுகோள்.

ஓட்டிப் பார்த்தவற்றுள் என்னை மிகவும் அலைக்கழித்தது ஹூண்டாய் ஐ20 ‘என் லைன்’ (N Line). ஒரு லிட்டர் டர்போ எஞ்சின், 120 பிஎஸ் (குதிரைத்திறன்), 172 நியூட்டன் மீட்டர் டார்க் எனப்படும் சுழல்விசை. இதில் பெங்களூருக்கே உரிய ஒரு காரணமும் இருக்கிறது. இந்நகரம் கடல் மட்டத்திலிருந்து தொள்ளாயிரம் மீட்டருக்கு மேல் இருக்கிறது; இங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் தானாக உறிஞ்சும் காற்றை மட்டுமே நம்பியிருப்பதால் அதன் திறனும் கிட்டத்தட்ட அதே அளவு குறைந்துவிடுகிறது. டர்போ எஞ்சினோ காற்றை அழுத்தி உள்ளே அனுப்புவதால் அந்தக் குறையைப் பெருமளவு ஈடுசெய்துகொள்கிறது. சென்னையில் ஓட்டிப் பார்த்துவிட்டு இங்கே வாங்குபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஐ20ஐ இந்திரா நகர் நூறடிச் சாலையில் ஓட்டிய பத்து நிமிடங்களும் எனக்கு இன்றும் நினைவிருக்கின்றன. அவ்வளவு நன்றாக இழுத்தது. ஆனால் கர்நாடகத்தில் வாழ்நாள் சாலை வரி ஐந்து முதல் பத்து லட்சம் வரையிலான வண்டிகளுக்கு 14 விழுக்காடு, பத்து லட்சத்தைத் தாண்டினால் 17 விழுக்காடு. அவ்வரியின் மேல் செஸ் தனி. எனக்குப் பிடித்த வகை அந்தக் கோட்டைத் தாண்டி நின்றது. என் எல்லைக்கு இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேல் அதிகமாகும் என்று தெரிந்தபோது, அந்தப் பணத்தை மகளின் பெயரில் வைத்திருப்பதே சரி என்று முடிவு செய்தோம். பத்து லட்ச எல்லை இல்லாதவர்கள் அதை ஓட்டிப் பார்க்காமல் வேறு எதையும் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

மாருதியின் இக்னிஸ் அம்மாவிற்குப் பிடித்திருந்தது. 3.7 மீட்டர் நீளம், 180 மில்லிமீட்டர் தரை இடைவெளி, உயரமான இருக்கை. குனியாமல் ஏறி உட்காரலாம். நான்கு சிலிண்டர் எஞ்சினும் மென்மையாக ஓடியது. திருப்பங்களில் உடல் சற்றுச் சாய்வதும், ஸ்டீயரிங் நடுவில் தளர்வாக இருப்பதும் எனக்கு ஒத்துவரவில்லை. கிராண்ட் ஐ10 நியாஸ் எல்லாவற்றையும் குறையின்றிச் செய்தது. எதுவும் நினைவில் நிற்கவில்லை. ஆல்ட்ரோஸின் கதவுகள் தொண்ணூறு டிகிரி வரை திறப்பதும் அதன் 345 லிட்டர் டிக்கியும் பெரிய வசதிகள்தாம். சந்தின் அளவு அதற்கு இடம் தரவில்லை. மின்சாரக் காரைப் பற்றி மனைவி கேட்டார். வாடகை வீட்டின் மாடிப்படிக்கு அடியில் சார்ஜர் பொருத்த வீட்டுக்காரரிடம் இசைவு கிடைக்காததால் அந்தப் பேச்சு அங்கேயே நின்றது. 2022இல் இந்தியாவில் உற்பத்தி நின்றுபோன ஃபோக்ஸ்வேகன் போலோவைப் பழைய வண்டியாக வாங்கும் ஆசையும் சில நாள் இருந்தது. வீட்டில் இரண்டாவது வண்டி ஒன்று இருந்திருந்தால் வாங்கியிருப்பேன். இருக்கும் ஒரே வண்டி, ஓர் உதிரிப் பாகத்திற்காகப் பட்டறையில் ஒரு வாரம் நின்றுவிட்டால் அம்மாவை யார் அழைத்துச் செல்வது என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

ஸ்விஃப்ட் இந்தியாவிற்கு வந்தது 2005ஆம் ஆண்டு. நான்காம் தலைமுறை 2024 மே மாதம் வெளிவந்தபோது அதைச் சுற்றி எழுந்த பெரிய மனக்குறை எஞ்சின் பற்றியது. முந்தைய நான்கு சிலிண்டர் எஞ்சின் 90 பிஎஸ் தந்தது. புதிய இசட் வரிசை எஞ்சின் மூன்று சிலிண்டர்களோடு ஏறத்தாழ 82 பிஎஸ் தருகிறது. உற்சாகத்திற்குப் பேர்போன வண்டியில் ஒரு சிலிண்டரையும் எட்டுக் குதிரைகளையும் குறைத்துவிட்டார்கள் என்ற வருத்தம் எனக்கும் இருந்தது. அந்த வருத்தத்தில் ஒரு பாதி உண்மை, ஒரு பாதி நகரத்தில் ஓட்டியபின் கரைந்துபோனது. வண்டி நிற்கும்போது மூன்று சிலிண்டருக்கே உரிய மெல்லிய அதிர்வு இருக்கையில் தெரிகிறது. நிமிடத்திற்கு ஐயாயிரம் சுழற்சிக்கு மேல் பழைய எஞ்சின் பாடிய விதத்தில் இது பாடுவதில்லை. ஆனால் ஆயிரத்து ஐந்நூறு சுழற்சியிலிருந்தே தயங்காமல் இழுப்பதால், வேகத்தடையில் தவழ்ந்து ஏறி இறங்கியபின் இரண்டாம் கியரிலேயே மீண்டும் எழுந்து போக முடிகிறது. பழைய எஞ்சின் நெடுஞ்சாலையில் தந்த இன்பத்தைப் புதியது சந்துகளில் தருகிறது என்று சொல்லலாம். ஒரே வண்டி வைத்திருப்பவருக்கு இரண்டாவதே அதிகம் பயன்படும்.

வண்டியின் எடை 920 கிலோவை ஒட்டியது. இந்த ஓர் எண்ணில்தான் அதன் குணம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பஜார் தெருவிலிருந்து எங்கள் சந்திற்குள் நுழையும் திருப்பத்தில், ஒருபுறம் பூக்காரம்மாவின் தள்ளுவண்டி, மறுபுறம் மூடியில்லாத சாக்கடை ஓரம். பழைய கார் அங்கே இரண்டு முறை பின்வாங்கித்தான் நுழையும். ஸ்விஃப்ட் ஒரே வீச்சில் திரும்பிவிடுகிறது. அதன் திருப்பு ஆரம் 4.8 மீட்டர். ஸ்டீயரிங் நகரத்தில் இலேசாகவும் நெடுஞ்சாலையில் போதிய கனத்தோடும் இருக்கிறது. கியர் மாற்றம் குறுகலானது, துல்லியமானது. இரண்டிலிருந்து மூன்றிற்குத் தள்ளும்போது கை உணரும் அந்தச் சிறு ‘க்ளக்’ ஒன்றிற்காகவே நான் தேவையில்லாமல் கியர் மாற்றும் நாட்கள் உண்டு.

மேனுவலா, தானியங்கியா என்பதில் வீட்டில் நீண்ட பேச்சு நடந்தது. மனைவியும் ஓட்டுவார் என்பதால் இது என் விருப்பம் மட்டும் சார்ந்தது அல்ல. ஸ்விஃப்ட்டில் கிடைப்பது ஏஎம்டி எனப்படும் தானியங்கி மேனுவல். கிளட்சை நம் காலுக்குப் பதிலாக ஓர் இயந்திரக் கரம் இயக்குகிறது. விலை கூடுதல், மைலேஜ் சற்று அதிகம். ஓட்டிப் பார்த்தபோது, முதல் கியரிலிருந்து இரண்டிற்கு மாறுகையில் வண்டி ஒரு கணம் மூச்சு வாங்குவது போல நின்று போவதை இருவருமே உணர்ந்தோம். மேம்பால ஏற்றத்தில், பின்னால் பேருந்து நெருங்கி நிற்கும்போது, அந்த ஒரு கணம் மனைவிக்குப் பிடிக்கவில்லை. “கிளட்ச் இவ்வளவு லேசா இருக்கறப்ப எனக்கு மேனுவலே போதுங்க” என்று அவர் சொன்னதும் பேச்சு முடிந்தது. ஆனால் இதைப் பொதுவிதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் மெட்ரோவில் அலுவலகம் போகிறவன். நாள்தோறும் வெளிவட்டச் சாலையில் இரண்டு மணி நேரம் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்பவர்களின் இடது முழங்காலுக்கு என்னால் அறிவுரை சொல்ல இயலாது. அவர்களுக்கு ஏஎம்டியே நல்லது.

ராசிபுரம் பயணத்தில்தான் வண்டியின் மறுபக்கம் தெரிகிறது. எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம், அத்திப்பள்ளி, ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர், சேலம் என்பது வழி. தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் லாரிகளின் பிரேக் சூடேறி நடந்த விபத்துகள் பற்றி அறியாத தமிழர் குறைவு. அங்கே நான் மூன்றாம் கியரில் இறங்குகிறேன். எஞ்சின் வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பிரேக்கை இடையிடையே தொட்டால் போதும். திரும்பி வரும் ஏற்றத்தில்தான் திறனின் எல்லை தெரியும். நான்கு பேர், நிறைந்த டிக்கி, ஏசி ஆகியவற்றோடு நான்காம் கியரில் ஏற நினைத்தால் வேகம் எண்பதிலிருந்து மெல்லச் சரிகிறது. இதன் உச்ச டார்க் 112 நியூட்டன் மீட்டர். அது கிடைப்பது 4,300 சுழற்சியில். ஆகவே மூன்றிற்கு இறக்கி, எஞ்சினின் இரைச்சலைப் பொறுத்துக்கொண்டு ஏற வேண்டும். லாரியை முந்தத் திட்டமிட்டே முந்த வேண்டும். நினைத்த கணத்தில் முந்துவது ஐ20 ‘என் லைன்’ வைத்திருப்பவர்களுக்கு உரியது. இன்னொரு செய்தி: சேலத்துச் சமவெளிக்கு இறங்கியபின் இதே வண்டி கூடுதல் துடிப்போடு ஓடுவதை ஒவ்வொரு முறையும் உணர்கிறேன். முன்னே சொன்ன காற்றின் கணக்குதான் அது.

ஓட்டும் மகிழ்ச்சிக்காகவே போன பயணம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது ஏலகிரி. சென்ற மாசியில், விடியுமுன் புறப்பட்டு, காலை எட்டு மணிக்கு மலையடிவாரத்துப் பொன்னேரியில் மலை ஏறத் தொடங்கினோம். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். அவற்றிற்குத் தமிழ்ப் புலவர்களின் பெயர்களையும் கடையெழு வள்ளல்களின் பெயர்களையும் இட்டிருக்கிறார்கள். இரண்டாம் கியரில், முப்பது கிலோமீட்டர் வேகத்தில், வளைவின் உட்புறத்தைப் பார்த்துக்கொண்டே ஸ்டீயரிங்கை ஒரே சீராகத் திருப்பினால் வண்டியின் மூக்கு அங்கேயே போகிறது. பின்பக்கம் கீழ்ப்படிதலோடு தொடர்கிறது. வளைவு முடியுமுன்பே மெல்ல ஆக்சிலரேட்டரை மிதித்தால் தடையின்றி எழுகிறது. மகள் பின்னிருக்கையிலிருந்து ஒவ்வொரு பலகையையும் எழுத்துக் கூட்டிப் படித்து வந்தாள். பள்ளியில் அவளுக்குக் கன்னடம். தமிழ் எழுத்துகளை இப்படிப் பலகைகளில்தான் பழகுகிறாள். பாரி வளைவு வந்தபோது யார் அவர் என்று கேட்டாள். படரக் கொழுகொம்பில்லாத முல்லைக்கொடிக்குத் தன் தேரை நிறுத்திவிட்டுப் போன அரசர் என்று அம்மா சொன்னார். “அவர்கிட்ட இருந்தது அந்த ஒரு தேர்தானா பாட்டி?” என்று அவள் கேட்ட கேள்விக்கு அம்மாவிடம் பதில் இல்லை.

இனி டிக்கி. 265 லிட்டர் என்பது பெரிய எண் அல்ல. அதைவிடவும் முக்கியமானது அதன் வாய் உயரமாக இருப்பது. இருபத்தைந்து கிலோ பொன்னி அரிசி மூட்டையை இடுப்பளவு தூக்கி, உள்ளே கீழே இறக்க வேண்டும். எடுக்கும்போது அதே வேலையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். நான் ஒரு பழைய சாக்கை விளிம்பின் மேல் விரித்து, மூட்டையை அதன்மேல் இழுத்து எடுக்கிறேன். பெயின்டும் தப்புகிறது, முதுகும் தப்புகிறது. ராசிபுரத்திலிருந்து திரும்பும்போது ஒரு மூட்டை அரிசி, நெய் டப்பாக்கள் இரண்டு, தேங்காய்ப் பை, இரண்டு துணிப்பெட்டிகள் ஆகியவற்றோடு டிக்கி நிறைந்துவிடும். வைகாசியில் மாம்பழக் கூடை சேர்ந்தால் அது மகளின் காலடிக்குப் போகும். பின்னிருக்கை 60:40 என்று பிரிந்து மடிவதுதான் உண்மையில் இந்த வண்டியைக் காப்பாற்றுகிறது. சென்ற நவராத்திரிக்கு முன், பெரியம்மா வீட்டிலிருந்து மடக்கிய இரும்புக் கொலுப்படிகளைக் கொண்டுவர வேண்டியிருந்தது. நாலரை அடி நீளம். இருக்கையின் பெரிய பாதியை மடித்துப் படிகளைச் சாய்த்து நுழைத்தோம். மிச்சமிருந்த ஓர் இருக்கையில், மடியில் பொம்மைப் பெட்டியோடு மகள் உட்கார்ந்து வந்தாள். ஆட்டோவிற்குக் கொடுக்கும் பணம் மிச்சமானதைவிட, எந்தப் பொம்மையும் மூக்கு உடையாமல் வந்து சேர்ந்ததில்தான் அம்மாவிற்கு நிறைவு.

பின்னிருக்கையைப் பற்றி அம்மாவின் கருத்தே இங்கு முக்கியம். ஏனெனில் அங்கே அதிகம் உட்காருபவர் அவர்தான். முந்தைய தலைமுறையில் பின்கதவின் கைப்பிடி கண்ணாடிக்குப் பக்கத்துத் தூணில் மறைந்திருக்கும். பழக்கமில்லாதவர்கள் தேடித் தவிப்பார்கள். இப்போது அது வழக்கமான இடத்திற்கே திரும்பிவிட்டது. கால் நீட்டப் போதிய இடம் உண்டு. பின்னால் குளிர்காற்று வருவதற்குத் தனித் துளைகளும் உண்டு. குறைகள் இரண்டு. இருக்கை தாழ்வானது, எழுந்திருக்கும்போது அம்மா கதவின் மேல் கையூன்றித்தான் எழுகிறார். சன்னல் ஓரம் பின்னோக்கி உயர்ந்துகொண்டே போவதாலும், உள்ளே எங்கும் கருப்பு நிறமாக இருப்பதாலும், “கிணத்துக்குள்ள உக்காந்த மாதிரி இருக்குதுப்பா” என்று முதல் வாரம் சொன்னார். இப்போது பெரும்பாலும் முன்னிருக்கையில் வருகிறார். முன்னிருக்கையைப் பின்னுக்குத் தள்ளிக் கொடுத்தால் அவருக்கு ஏறி இறங்குவது சுலபமாக இருக்கிறது. வீட்டில் முதியவர்கள் இருவர் இருந்து, இருவருமே பின்னால் உட்கார வேண்டும் என்றால் ஸ்விஃப்ட் வேண்டாம். இக்னிஸையோ டாடா பஞ்சையோ பாருங்கள். ஓட்டும் மகிழ்ச்சியில் சிறிது விட்டுக்கொடுப்பது அவர்களின் முழங்காலைவிடப் பெரிய இழப்பன்று.

தரை இடைவெளி 163 மில்லிமீட்டர். நகரச் சாலைகளில் தரமாகக் கட்டிய வேகத்தடைகளில் சிக்கல் இல்லை. குடியிருப்புச் சந்துகளில் அவரவர் வீட்டு வாசலில் சிமெண்டைக் கொட்டி எழுப்பிய செங்குத்தான மேடுகளில், ஐந்து பேரோடு போகும்போது, நேராக ஏறினால் அடிவயிறு உரசும் என்ற அச்சம் இருக்கிறது. நான் எப்போதும் கோணலாக ஏற்றி இறக்குகிறேன். சஸ்பென்ஷன் மெத்தென்று இருக்காது. குழிகளின் விளிம்பு உள்ளே கேட்கும். அதே இறுக்கம்தான் ஏலகிரியில் வண்டியை நிமிர்ந்து நிற்க வைத்தது என்பதால் எனக்கு வருத்தமில்லை. அம்மாவிற்காக, மருத்துவரிடம் போகும் நாளில் பள்ளங்களைத் தேடித் தேடி விலக்கி ஓட்டுகிறேன்.

பாதுகாப்பைப் பற்றி மனைவி எழுப்பிய கேள்வியே இந்தத் தேர்வில் மிகக் கடினமானது. முந்தைய தலைமுறை ஸ்விஃப்ட் 2022இல் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் ஒரே ஒரு நட்சத்திரம் பெற்றது. ஆல்ட்ரோஸ் 2020லேயே ஐந்து பெற்றிருந்தது. இந்த ஒப்பீட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. புதிய தலைமுறையில் எல்லா வகைகளிலும் ஆறு காற்றுப்பைகளும், வண்டி சறுக்கும்போது கட்டுப்படுத்தும் ஈஎஸ்பியும், ஐவருக்கும் மும்முனை இருக்கைப் பட்டைகளும் வந்துவிட்டன என்பதை வைத்துத்தான் முடிவெடுத்தோம். நாங்கள் வாங்கிய அடுத்த மாதம், இதே எஞ்சினும் இதே வகை அடித்தளமும் கொண்ட மாருதியின் புதிய டிசையர் செடான் குளோபல் என்கேப்பில் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. அது ஸ்விஃப்ட்டின் மதிப்பெண் ஆகாது என்பதை அறிவேன். இருப்பினும் எங்களுக்கு ஆறுதலாக இருந்தது. பின்னிருக்கையில் பட்டை போடாமல் எங்கள் வண்டி இப்போது நகர்வதில்லை. அதை மகள் பார்த்துக்கொள்கிறாள்.

செலவு பற்றிச் சுருக்கமாக. அரசுச் சான்றின்படி மேனுவலுக்கு லிட்டருக்கு 24.8 கிலோமீட்டர். என் குறிப்பேட்டில் நகரத்திற்குள் 14, ராசிபுரம் பயணத்தில் 20 முதல் 21 வரை. தொட்டி 37 லிட்டர்தான். ஊருக்குப் போய்த் திரும்பி, இரண்டு நாள் ஓட்டியபின் நிரப்பினால் போதும். 10,000 கிலோமீட்டர் சர்வீஸ் ஒரே காலைப் பொழுதில் முடிந்தது. பகலில் அம்மாவை அழைத்துச் செல்ல வண்டி திரும்பி வந்துவிட்டது. ஒரே வண்டி வைத்திருப்பவருக்கு இதன் அருமை தெரியும்.

வாங்கும்போது பட்ட ஒரு மனவேதனையையும் சொல்லியாக வேண்டும். நான் முதலில் போன ஷோரூமில், அவர்களிடமே காப்பீடு எடுத்து, மிதியடி, பக்கவாட்டுப் பட்டை, இருக்கை உறை எல்லாம் அடங்கிய ஒரு தொகுப்பையும் வாங்கினால்தான் பண்டிகைக்குள் வண்டி தர முடியும் என்றார்கள். விலைப் பட்டியலில் ‘கையாளும் கட்டணம்’ என்று ஒரு வரியும் இருந்தது. எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டேன், கொடுக்கவில்லை. வேறோர் இடத்தில், வெளியில் எடுத்த காப்பீட்டோடு, எந்தத் தொகுப்பும் இல்லாமல், அதே வண்டி குறித்த நாளில் கிடைத்தது. காப்பீட்டை எங்கே எடுப்பது என்பது வாங்குபவரின் உரிமை. பதிவுக்கு முன்பே வண்டியை நேரில் பார்த்து, டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் வாரம், ஆண்டு எண்களையும், மீட்டரில் ஓடிய தூரத்தையும், கண்ணாடிகளின் ஓரங்களையும் பகல் வெளிச்சத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மாலை விளக்கொளியில் எல்லாப் பெயின்டும் அழகாகத்தான் தெரியும்.

நான் வாங்கியபோது 28 விழுக்காடு ஜிஎஸ்டியும் ஒரு விழுக்காடு செஸ்ஸும் கட்டினேன். 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள், 1,200 சிசிக்குள் அடங்கும் பெட்ரோல் கார்களுக்கு அது 18 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. இப்போது தேடுபவர்கள் பழைய விலைப் பட்டியல்களை ஒதுக்கிவிட்டு, பத்து லட்சக் கோட்டிற்குள் எவை எவை வந்திருக்கின்றன என்று புதிதாகக் கணக்கிட வேண்டும்; முன்பு அதைத் தாண்டியிருந்த டர்போ வண்டிகள் சில உள்ளே வரக்கூடும், சாலை வரியும் அதற்கேற்பக் குறையும். வகையைப் பொறுத்தவரை, ஸ்விஃப்ட்டின் கீழ் வகைகளில் 14 அங்குலச் சக்கரமும் 165 மில்லிமீட்டர் அகல டயரும், மேல் வகைகளில் 15 அங்குலமும் 185 மில்லிமீட்டர் அகலமும் வருகின்றன. ஓட்டும் மகிழ்ச்சிக்காக வாங்குபவர்கள் பெரிய திரைக்கும் அலங்காரத்திற்கும் கொடுக்கும் பணத்தை விட்டுவிட்டாலும், அந்த 15 அங்குலச் சக்கரத்தை விட்டுவிட வேண்டாம். டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது வீட்டில் வயதில் மூத்தவரைப் பின்னிருக்கையில் உட்கார வைத்து, உங்கள் சந்தின் மிக மோசமான வேகத்தடை வழியாகவே ஓட்டிப் பாருங்கள். ஷோரூம்காரர் காட்டும் நேர்ச்சாலையில் ஓட்டினால் எல்லா வண்டியும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.